அரைப் பேர்

சுற்றுநிருபம் சித்திரையில் வந்தது:
'மாணவியரிடையே பாரம்பரியப் பெண்கள் கைப்பணி'.
இலக்கம், திகதி, ஒப்பம்.
பின்னாலேயே மன்னாரிலிருந்து ஒரு கட்டுப் பனையோலை
பஸ் கூரையேறி ஹட்டனில் இறங்கி
பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தபோது மழை.

பனையைப் பார்த்திராத பிள்ளைகள்
ஓலையை மோந்து பார்த்தார்கள்.
"பிஸ்கட் வாசம், டீச்சர்."
கையேட்டைப் பார்த்து நான் ஒரு பெட்டி முடைந்தேன்.
அது பெட்டி இல்லையென்று
முன்வரிசைக்குத்தான் முதலில் தெரிந்தது.
மூன்றாம் நாள் பனி உள்ளே வந்து
ஓலைக்கட்டின் மேல் படுத்துக்கொண்டது.
வெள்ளிக்கிழமை பூஞ்சணம்,
சாம்பல் நிறத்தில், மெத்தென்று,
அழகாகக்கூட.

தரம் ஒன்பதில் இருபத்திரண்டு பெண்கள்.
"நம்ம வீட்டுப் பொம்பளைங்க என்னா செய்றாங்க?"
"கொழுந்து எடுக்குறாங்க."
"அதுக்கப்புறம்?"
"தூங்குறாங்க."
சிரிப்பு அடங்கியதும்
பின்வாங்கிலிருந்து கிஷாந்தினி சொன்னாள்:
"படங்கு தைக்கிறாங்க."

திங்கட்கிழமை உரச்சாக்குகள் வந்தன,
ஆற்றில் அலசியும் நெடி போகாமல்.
சாக்கின் வாயில் இரண்டு நூல் நுனிகள்.
சரியானதை இழுத்தால்
ஒரே இழுப்பில் சர்ரென்று பிரிந்துவிடும்.
மற்றதை இழுத்தால் அந்திவரை முடிச்சு.
எனக்கு அந்திவரை முடிச்சு.
லயத்தில் பிறந்தவள்தான் நானும்.
அம்மா என்னைச் சாக்குப் பக்கம் விட்டதில்லை;
படி என்றாள், படித்தேன்.

அவர்கள் என்னைக் கேட்கவில்லை.
இடுப்பைச் சாணால் அளந்து
ஸ்வெட்டருக்காக இன்னொரு சாண் கூட்டி
பிரித்த நூலாலேயே ஓரம் மடித்துத் தைத்தார்கள்,
நாடகக் கதையொன்றைப் பற்றிச்
சண்டை போட்டுக்கொண்டே.

கயிற்றில் காயும்போது எல்லாப் படங்கும் ஒன்றுதான்.
அதனால் மூலையில் ஓர் அடையாளம் உண்டாம்.
வரைந்து வரச் சொன்னேன்.
டிலுக்ஷனா வீட்டில் சிவப்புச் சிலுவை:
அவர்கள் கும்பிடுவது மாரியம்மனை,
கைக்கு அதுதான் சுலபம்.
நிரோமி வீட்டில் மூன்று புள்ளி, மூன்று பிள்ளைகள்.
இவள் நாலாவது;
அம்மாவுக்கு இன்னும் தைக்க நேரமில்லை.
பவிஷ்கா வீட்டில் 'ரா'.
எந்த 'ரா' என்று அங்கே எவருக்கும் தெரியாது.
நதிஷாவின் தாள் வெறுமை:
"எங்கட படங்க மணத்துலயே கண்டுபுடிச்சிருவோம், டீச்சர்."
அந்த வெறுந்தாளையும் நடுவில் ஒட்டினோம்.

வலயப் போட்டிக்குக் கொண்டுபோனோம்.
படிவத்தில் ஓலை, பிரம்பு, பன், ரேந்தை.
கடைசியில் 'ஏனையவை'.
நடுவராக வந்த அம்மா
படங்கைத் திருப்பிப் பிடித்து
உள்பக்கத்து எழுத்தை வாசித்தார்:
நைதரசன் நாற்பத்தாறு வீதம்.
"இதில பாரம்பரியம் எங்க இருக்கு, மகள்?"

கிஷாந்தினி அதை வாங்கி
வெள்ளைச் சீருடைக்கு மேல் கட்டினாள்.
மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து
எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு கையையும் நீட்டினாள்,
அங்கே ஒரு செடி நிற்பதுபோல.
"இங்க, மிஸ்.
வாது குத்துற எடத்துல."

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
ஏதோ எழுதினார்.
நூற்றுக்கு ஐம்பது.

திரும்பும் பஸ்ஸில் யாரோ ஆரம்பித்தார்கள்,
கிலோ குறைந்த நாளில் அம்மாக்கள் சொல்லும் அதே குரலில்:
"அரப் பேரு போட்டுட்டாங்கடி!"
இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள்.
டிக்கட் கிழித்துக்கொண்டிருந்த பையனும் சிரித்தான்.
எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

அடுத்த கிழமை
ஏழாம் நம்பர் மலையோரம் வேலைக்கு வரும்போது பார்த்தேன்.
கிஷாந்தினியின் அம்மா அதைக் கட்டியிருந்தாள்.
போட்டி இலக்கத் துண்டை அவள் பிய்க்கவில்லை.
ஈரத்தில் மை கலங்கி
நாற்பத்தொன்றோ, பதினொன்றோ.
அத்தனை சாக்குகளுக்கிடையில்
பாதையில் நின்றே
அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.